உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு 'மாட்டேன்': அபோலினாரியோ மாபினியின் கதை

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)



2015-ல் பிலிப்பைன்ஸில் 'ஹெனெரல் லூனா'ன்னு ஒரு படம் வந்துச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த ஒரு போரைப் பற்றின வரலாற்றுப் படம். யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு ஹிட் ஆச்சு. அதுல அபோலினாரியோ மாபினிங்கற தலைவரா நடிச்சவர் எபி கிஸோன். படம் ஓடிக்கிட்டிருந்த நேரத்துல அவர் ஒரு விஷயத்தை வெளியே சொன்னார். படம் பார்த்த காலேஜ் பசங்க அவர்கிட்ட கேட்டாங்களாம்: "ஏன் சார், அந்த மாபினி கேரக்டர் மட்டும் படம் முழுக்க உட்கார்ந்துகிட்டே இருக்கு?"

இந்தக் கேள்வி அந்த நாட்டுல பெரிய பேச்சாச்சு. சிலர் சிரிச்சாங்க, சிலர் தலையில அடிச்சுக்கிட்டாங்க. ஏன்னா மாபினி அங்கே முகம் தெரியாத ஆள் இல்ல. அவர் முகம் பத்து பெசோ காசுல இருக்கு. தினமும் கையில புழங்குற காசு. அந்த முகத்துக்குச் சொந்தக்காரருக்கு இரண்டு கால்களும் செயலிழந்திருந்தது என்பது மட்டும் பசங்களுக்குத் தெரியல.

நமக்கும் இந்தக் கதை பெரும்பாலும் தெரியாது. பிலிப்பைன்ஸ்னா ரிசால் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்போம், மார்கோஸ் பெயரைப் பலர் கேள்விப்பட்டிருப்போம். அமெரிக்கா ஒரு காலத்துல காலனி வெச்சு ஆண்ட நாடுங்கறதே பலருக்குப் புதுசா இருக்கும்.

இன்னைக்கு மாபினியைப் பற்றிப் பேசலாம். துப்பாக்கி தூக்காத, குதிரை ஏறாத, எழுந்து நிற்கக்கூட முடியாத ஒருத்தரை, அன்னைக்கு உலகத்தின் புது வல்லரசா வளர்ந்துகிட்டிருந்த அமெரிக்கா கப்பலில் ஏற்றி ஒரு தீவுக்குக் கொண்டுபோய் இரண்டு வருஷம் அடைச்சு வெச்சது. அவர்கிட்டயிருந்து அவங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதை ஏன் அவர் சொல்ல மறுத்தார், கடைசியில் ஏன் சொன்னார்? அதுதான் இன்றைய எபிசோட்.

சந்தையில் விற்ற அம்மா, சட்டம் படித்த மகன்

1864 ஜூலை 23. லூசோன் தீவில் பதாங்காஸ் மாகாணம், தனாவான் என்ற ஊரை ஒட்டிய தலாகா கிராமம். அங்கே ஒரு ஏழை விவசாயக் குடும்பத்தில் மாபினி பிறந்தார். அம்மா தியோனிசியா சந்தையில் பொருள் விற்பவர். மகன் பாதிரியார் ஆகணும் என்பதுதான் அம்மாவின் கனவு. அப்போது ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸில் ஓர் ஏழைப் பையன் எட்டக்கூடிய உயர்ந்த இடம் அதுதான்.

மகன் அந்தப் பக்கம் போகலை. மணிலாவுக்குப் போய், வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1894-ல் சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப் படிப்பை முடித்தார். ஆரம்பத்தில் அவர் புரட்சிக்காரர் கிடையாது. ஹோசே ரிசால் 1892-ல் தொடங்கிய 'லிகா ஃபிலிபினா' என்ற அமைப்பின் வழியில் போனவர். ஸ்பெயின் ஆட்சிக்குள்ளேயே சீர்திருத்தம் கேட்ட கூட்டம் அது. அதே நேரத்தில் ஆந்த்ரேஸ் போனிஃபாசியோ ரகசியமாகக் கட்டிய 'கத்திபுனான்' ஆயுதப் புரட்சிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. மாபினி அதில் இல்லை.

1896 தொடக்கத்தில் அவருக்குப் போலியோ வந்தது. வயது 31. கால்கள் போய்விட்டன.

அதே வருஷம் ஆகஸ்டில் புரட்சி வெடித்தது. ஸ்பெயின் அரசு சந்தேகப்பட்ட எல்லாரையும் அள்ளியது. அக்டோபரில் மாபினியையும் பிடித்தார்கள். அந்த வலையில் சிக்கிய பலரைச் சுட்டுக் கொன்றார்கள். டிசம்பர் 30-ல் ரிசாலையே சுட்டார்கள். மாபினியை மட்டும் சான் ஹுவான் தே தியோஸ் மருத்துவமனையில் காவலில் வைத்தார்கள், பிறகு பொது மன்னிப்பில் விட்டுவிட்டார்கள். நடக்க முடியாத ஆளால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைத்திருக்கலாம். நினைத்திருந்தால், அது தப்புக் கணக்கு.

ஊர் ஊராகக் கைமாறிய தூளி

இங்கே கதை கொஞ்சம் வேகமா போகும், கூட வாங்க.

புரட்சியின் தலைமை போனிஃபாசியோவிடமிருந்து எமிலியோ அகினால்டோவிடம் போனது. 1897 மே மாதம் போனிஃபாசியோவைச் சொந்தப் புரட்சிக்காரர்களே கொன்றார்கள். டிசம்பரில் ஸ்பெயினோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு அகினால்டோ ஹாங்காங் போனார். 1898 ஏப்ரலில் கியூபா விவகாரத்தில் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. மே 1-ஆம் தேதி கொமடோர் டூயி தலைமையில் அமெரிக்கக் கப்பல்கள் மணிலா வளைகுடாவுக்குள் புகுந்து, ஸ்பெயினின் கடற்படையை ஒரே காலையில் முடித்துவிட்டன. மே 19-ல் அமெரிக்கக் கப்பல் ஒன்றிலேயே அகினால்டோ திரும்பி வந்தார். எதிரிக்கு எதிரி நண்பன் என்ற கணக்கு.

அகினால்டோவிடம் படை இருந்தது. சட்டம் தெரிந்த, ஓர் அரசை எழுத்தில் கட்டத் தெரிந்த ஆள் இல்லை. மாபினி எழுதியவை அவர் கைக்கு வந்தன. "இவரைக் கூட்டிட்டு வாங்க"ன்னு ஆள் அனுப்பினார்.

மாபினி அப்போது லகூனா மாகாணத்தில் லோஸ் பான்யோஸ் ஊரில் இருந்தார். அங்கிருந்து அகினால்டோ இருந்த காவிட்டுக்கு அவரை எப்படிக் கொண்டுபோவது? கம்பில் கட்டிய தூளியில் படுக்கவைத்து ஆட்கள் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வழியில் இருக்கும் ஒவ்வொரு ஊரும் ஆள் தரணும் என்று உத்தரவு. தோள் மாறி, ஊர் மாறி அந்தத் தூளி நகர்ந்தது.

அவர் போய்ச் சேர்ந்த நாள் 1898 ஜூன் 12. காவிட்டில் அகினால்டோவின் வீட்டில் பிலிப்பைன்ஸ் சுதந்திரம் அறிவிக்கப்பட்ட அதே நாள். இருவரும் முதல் முறை சந்தித்ததும் அன்றுதான்.

எல்லாரும் கொண்டாட்டத்தில் இருந்தபோது, புதிதாக வந்த வக்கீல் அந்த அறிக்கையைப் படித்தார். அதில் ஒரு வாசகம் உறுத்தியது. வலிமையும் மனிதநேயமும் கொண்ட வட அமெரிக்க தேசத்தின் பாதுகாப்பில் இந்தச் சுதந்திரம் அறிவிக்கப்படுகிறது என்ற பொருளில் இருந்தது. பாதுகாப்பு தருவதாக அமெரிக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. இருந்ததெல்லாம் வாய்ப்பேச்சு, அதுவும் ஒரு தரப்பு சொல்லி மறுதரப்பு மறுத்த வாய்ப்பேச்சு. நம்ம சுதந்திரப் பத்திரத்துலயே இன்னொருத்தன் பெயரைக் காவலுக்கு எழுதி வெச்சா, நாளைக்கு அவனே வந்து "வீடு என்னுது"ன்னு சொல்லமாட்டானா?

மாபினி அவசரப்படாமல் வேலையை ஆரம்பித்தார். ஜூன் 18-ல் ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடத்தும் ஆணை வந்தது. ஜூன் 23-ல் அகினால்டோவின் சர்வாதிகார அரசு, புரட்சி அரசாக மாறியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி பகோர் என்ற ஊரில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவர்கள் கூடி சுதந்திரத்தை மறுபடியும் உறுதி செய்தார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு என்ற பேச்சு அதில் கிடையாது. ஒரு தளபதி வீட்டு ஜன்னலிலிருந்து படித்த அறிக்கைக்கும் ஊர்த் தலைவர்கள் கூடி ஏற்ற பிரகடனத்துக்கும் வித்தியாசம் இருக்கில்லையா? அந்த வித்தியாசத்தை உண்டாக்கியது இந்த மனுஷன்தான்.

மணிலா வாசலில் என்ன நடந்ததுன்னும் பார்த்துடலாம். நகரத்தைச் சுற்றி வளைத்து நின்றது பிலிப்பினோ படை. ஆகஸ்ட் 13-ல் ஸ்பெயினும் அமெரிக்காவும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரு பொய்ச் சண்டை போட்டன. ஸ்பெயின் சரணடைந்தது, அமெரிக்கர்கள் உள்ளே போனார்கள். பிலிப்பினோக்களுக்கு உள்ளே அனுமதி இல்லை! சொந்த நாட்டுத் தலைநகரத்துக்கு வெளியே காவல் நின்றார்கள்.

டிசம்பர் 10-ல் பாரிஸில் ஒப்பந்தம். ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கொடுத்தது, அமெரிக்கா 2 கோடி டாலர் கொடுத்தது. 70 லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழ்ந்த நாடு. தலைக்கு மூன்று டாலர்கூட வராது. அந்த மேசையில் ஒரு பிலிப்பினோகூட உட்காரவில்லை. டிசம்பர் 21-ல் அதிபர் மெக்கின்லி ஓர் அறிக்கை விட்டார். நாங்கள் வெல்ல வரவில்லை, நண்பர்களாக வருகிறோம், இது 'கருணையோடு அரவணைத்துக்கொள்ளும்' முயற்சி என்று சொன்னார். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை நமக்குத் தெரியும்தானே!

நாற்காலியிலிருந்து ஓர் அரசு

1899 ஜனவரி 2-ல் மாபினி பிரதமர் ஆனார். வெளியுறவுத் துறையும் அவரிடம்தான். வயது 34. ஜனவரி 23-ல் மலோலோஸ் நகரத்தின் பரசோயின் தேவாலயத்தில் முதல் பிலிப்பைன்ஸ் குடியரசு பதவியேற்றது.

சரியாக 12 நாள். பிப்ரவரி 4 இரவு, மணிலாவின் எல்லையில் ஓர் அமெரிக்கச் சிப்பாய் சுட்டான், போர் தொடங்கியது. பிப்ரவரி 6-ல் பாரிஸ் ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் 57-க்கு 27 என்ற வாக்கில் ஏற்றது. தேவையான மூன்றில் இரண்டு பங்கைவிட ஒரே ஒரு ஓட்டு கூடுதல்.

இப்போ ஒரு வக்கீல் மூளையோட யோசிச்சுப் பாருங்க. மாபினியின் வாதம் எளிமையானது. ஸ்பெயின் விற்றபோது, மணிலாவுக்கு வெளியே பெரும்பகுதி நாடு அதன் கையிலேயே இல்லை. மக்கள் ஏற்கெனவே தங்களுக்கு அரசு அமைத்துவிட்டார்கள். கையில் இல்லாத பொருளை விற்க முடியுமா? விற்றால் வாங்கியவனுக்கு உரிமை வருமா? அமெரிக்காவோ இந்தப் போரைப் போர் என்றே சொல்லவில்லை, 'கலகம்' என்றது. கலகம் என்றால், சட்டப்படியான ஓர் அரசை எதிர்த்து அதன் குடிமக்கள் செய்வது. அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே 'நாங்கதான் அரசு' என்ற உரிமைக் கோரிக்கை ஒளிஞ்சிருக்கு. பின்னால் வரும் பிரமாண விவகாரம் புரிய, இந்த இடத்தை மனசுல வெச்சுக்கோங்க.

போர் மோசமாகப் போனது. மார்ச் 31-ல் மலோலோஸ் விழுந்தது. அமெரிக்கா அனுப்பிய ஷுர்மன் கமிஷன், 'எங்கள் இறையாண்மையை ஏற்றால் ஓரளவு சுயாட்சி' என்று பேரம் பேசியது. மாபினி போர் நிறுத்தம் கேட்டார், மக்களிடம் கலந்து பேச அவகாசம் வேணும் என்றார். அமெரிக்கா மறுத்தது. அப்படியென்றால் போர் தொடரட்டும் என்பது மாபினியின் முடிவு.

அவருடைய சொந்தக் கூட்டத்திலேயே எல்லாருக்கும் அது பிடிக்கவில்லை. காங்கிரஸில் இருந்த பணக்காரர்களும் நிலக்காரர்களும் சுயாட்சியை வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மே மாதம் மாபினியை நீக்கிவிட்டு பெத்ரோ பாதெர்னோவைப் பிரதமர் ஆக்கினார் அகினால்டோ. ஜூன் 5-ல் தளபதி அந்தோனியோ லூனா, கபானாதுவான் நகரத்தில் அகினால்டோவின் காவல் வீரர்களால் கொல்லப்பட்டார். நாம் ஆரம்பத்தில் பேசிய படத்தின் ஹீரோ அவர்தான்.

இந்த நாலு மாசத்துல மாபினி செய்ததெல்லாம் சரின்னு சொல்ல நான் வரல. அரசியல் சாசனம் எழுதும்போது அதிகாரமெல்லாம் அதிபர் கையில் இருக்கணும், போர்க் காலத்தில் நாடாளுமன்றம் கட்டுப்படுத்தக் கூடாது என்று வாதாடியவர் அவர். அவர் பலப்படுத்தப் பார்த்த அதிபர்தான் அவரை நீக்கினார்.

1899 டிசம்பர் 10. நுவேவா எசிஹா மாகாணம், குயாபோ ஊர். அங்கே அமெரிக்கர்கள் மாபினியைப் பிடித்தார்கள். மற்ற தலைவர்கள் மலைக்கு ஓடலாம், இவர் எங்கே ஓடுவது?

'சமரசத்துக்கு வராதவர்'

மணிலாவில் சில மாதங்கள் சிறையில் வைத்துவிட்டு 1900-ல் விடுதலை செய்தார்கள். வெளியே வந்தவர் என்ன செய்தார்? எழுதினார். பத்திரிகையில் கட்டுரை மேல் கட்டுரை. 'நடக்க முடியாதவன்' என்று ஸ்பெயின் செய்த தப்புக் கணக்கை அமெரிக்கா மறுபடி செய்யத் தயாராக இல்லை. அப்போதைய ராணுவ கவர்னர் ஆர்தர் மெக்கார்தர், சமரசத்துக்கு வராதவர்கள் என்று ஒரு பட்டியல் போட்டார். இரண்டாம் உலகப் போரில் பேர் பெற்ற டக்ளஸ் மெக்கார்தரின் அப்பாதான் இவர். 1901 ஜனவரியில் அந்தப் பட்டியலில் இருந்தவர்களை 'ரோஸ்க்ரான்ஸ்' என்ற கப்பலில் ஏற்றி குவாம் தீவுக்கு அனுப்பினார்கள். மணிலாவிலிருந்து சுமார் 2,500 கிலோமீட்டர் கிழக்கே, பசிபிக் நடுவே இருக்கும் தீவு அது. அசான் என்ற கடற்கரையில் சிறை.

வெளியே வரும் வழி ரொம்ப சுலபம். அமெரிக்காவின் இறையாண்மையை ஏற்கிறேன், அதற்கு விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்தால் போதும். அடுத்த கப்பலில் வீட்டுக்குப் போகலாம்.

1901 மார்ச் 23-ல் அகினால்டோ பிடிபட்டார். ஏப்ரல் 1-ல் அவரே பிரமாணம் எடுத்துவிட்டார், மற்றவர்களையும் ஆயுதத்தைப் போடச் சொன்னார். நாட்டின் அதிபரே 'சரி' சொல்லிவிட்டார்! இனி குவாமில் கிடக்கும் ஒரு முன்னாள் பிரதமர் 'மாட்டேன்' சொல்வதில் என்ன இருக்கிறது?

இருக்கு. அந்தப் பிரமாணம் வெறும் சம்பிரதாயம் இல்லை. அதில் கை உயர்த்தும் ஒவ்வொருவரும் 'ஆமாம், இது கலகம்தான், நான் கலகக்காரன்தான், நீங்கள்தான் எப்போதும் அரசு' என்று பின்தேதியிட்டு ஒப்புக்கொள்கிறார். 2 கோடி டாலர் கொடுத்து வாங்கிய பத்திரத்தில் இல்லாத ஒரு கையெழுத்தை அமெரிக்கா தேடிக்கொண்டிருந்தது. விற்கப்பட்டவர்களின் கையெழுத்து. சட்டம் படித்த மாபினிக்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில் ஊரில் என்ன நடந்தது? மாபினியின் சொந்த மாகாணமான பதாங்காஸில், 1901 இறுதியிலிருந்து ஜெனரல் பெல் கிராம மக்களை ஊரைக் காலி செய்யவைத்து, குறிப்பிட்ட எல்லைக்குள் அடைத்தார். எல்லைக்கு வெளியே இருந்த தானியமும் வீடுகளும் அழிக்கப்பட்டன. பட்டினியும் நோயும் வந்தன. இந்தப் போரில் அமெரிக்கர் 4,200 பேருக்கு மேல் இறந்தார்கள், பிலிப்பினோ வீரர்கள் 20,000 பேருக்கு மேல். வன்முறை, பட்டினி, நோய் என்று இறந்த பொதுமக்கள் 2 லட்சம் வரை இருக்கலாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறையின் வரலாற்று அலுவலகமே சொல்கிறது.

1902 ஜூலை 4-ல் அதிபர் ரூஸ்வெல்ட் போர் முடிந்தது என்று அறிவித்து, பொது மன்னிப்பும் கொடுத்தார். நிபந்தனை அதே பிரமாணம். குவாம் கைதிகள் ஒவ்வொருவராகக் கை உயர்த்தி வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி? அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்கள். மறுத்து நின்றவர்களில் கடைசி வரை இருவர்: மாபினி, அப்புறம் அர்தேமியோ ரிகார்த்தே என்ற தளபதி.

அந்தச் சிறையில் மாபினி சும்மா இருக்கவில்லை. அமெரிக்கர்களோடு அவர்கள் மொழியிலேயே வாதாட வேண்டும் என்று இங்கிலீஷ் கற்றுக்கொண்டார். 'லா ரெவொலூசியோன் ஃபிலிபினா' என்ற தன் நூலை ஸ்பானிஷில் எழுதினார், தானே அதை இங்கிலீஷிலும் மொழிபெயர்த்தார்.

அந்தப் புத்தகம் அமெரிக்காவை மட்டும் திட்டும் புத்தகம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். சொந்தப் புரட்சியைத்தான் அதிகம் கூறுபோட்டது. போனிஃபாசியோவின் சாவு, லூனாவின் கொலை என்று கணக்கெடுத்து, தலைமை தகுதியால் வராமல் சூழ்ச்சியால் வந்ததால்தான் புரட்சி தோற்றது என்று எழுதினார். சிறைக்குள் இருந்துகொண்டு, எதிரி படிக்கும் மொழியில், தன் பக்கத்துத் தப்புகளை எழுத எவ்வளவு துணிச்சல் வேணும்! நூலைச் சமர்ப்பித்தது யாருக்குத் தெரியுமா? அம்மாவுக்கு. பாதிரியார் ஆவான் என்று நம்பி, வெயில் மழை பார்க்காமல் உழைத்துப் படிக்கவைத்து, அந்த உழைப்பிலேயே நோய் வாங்கி இறந்த தியோனிசியாவுக்கு.

76 நாள்

1903 பிப்ரவரியில் அமெரிக்கா ஒரு புது முடிவைச் சொன்னது. நீங்கள் இனி கைதி இல்லை, உலகத்தில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ஆனால் பிலிப்பைன்ஸுக்குள் மட்டும் பிரமாணம் இல்லாமல் நுழைய முடியாது. சொந்த நாட்டைத் தவிர எல்லா நாடும் திறந்திருக்கு!

மாபினியும் ரிகார்த்தேவும் 'தாமஸ்' என்ற கப்பலில் மணிலா வந்து சேர்ந்தார்கள். பிப்ரவரி 26-ஆம் தேதி, சுங்க அதிகாரி முன்னால், மாபினி பிரமாணம் எடுத்தார்.

ஆமாம், எடுத்துவிட்டார்.

உடம்பு ஏற்கெனவே முடியாத நிலை. வேறொரு நாட்டில் யாருக்கும் பயன்படாமல் சாவதா, அந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுச் சொந்த மண்ணில் சாவதா என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. கொஞ்சம் ஓய்வெடுத்து, நிலைமையைப் படித்துப் பார்த்தால் இன்னும் ஏதாவது பயன்படலாம், இல்லை சாவதற்குத்தான் வந்திருக்கிறேனோ என்னவோ என்ற அர்த்தத்தில் அன்றைக்கு ஓர் அறிக்கை கொடுத்தார்.

ரிகார்த்தே எடுக்கவில்லை. அவரை அப்படியே ஹாங்காங்குக்கு அனுப்பினார்கள்.

திரும்பி வந்த மாபினிக்கு அரசு வேலை தர முன்வந்தார்கள். வேண்டாம் என்றார். மணிலாவின் நாக்தாஹான் பகுதியில் ஒரு சின்னக் கூரை வீட்டில் தங்கி, மறுபடி எழுத ஆரம்பித்தார். அப்போது நாட்டில் காலரா பரவிக்கொண்டிருந்தது. போர் குலைத்துப்போட்ட ஊர்களில் 1902-ல் தொடங்கிய அந்தத் தொற்று, லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. 1903 மே 13-ல் அது மாபினியையும் கொண்டுபோனது. காய்ச்சாத எருமைப் பால் குடித்ததால் வந்தது என்று சொல்வார்கள். வயது 38. பிரமாணம் எடுத்து 76 நாள்.

யார் ஜெயிச்சது?

இங்கே கதையை முடிச்சிருக்கலாம். ஆனா ரிகார்த்தேவை ஹாங்காங்கில் விட்டுட்டு வந்தோமே, அவர் என்ன ஆனார்னு பார்க்காம முடிச்சா அது பாதிக் கதைதான்.

அவர் 1903 டிசம்பரில் ரகசியமாக மணிலாவுக்குள் நுழைந்து மறுபடி புரட்சிக்கு ஆள் சேர்த்தார். 1904-ல் பிடிபட்டு ஆறு வருஷம் பிலிபிட் சிறையில் இருந்தார். 1910-ல் வெளியே வந்ததும் மறுபடி பிரமாணம் கேட்டார்கள், மறுபடி மறுத்தார், மறுபடி நாடு கடத்தினார்கள். கடைசியில் ஜப்பானில் யோகோஹாமா நகரத்தில் குடியேறினார். பல வருஷம் அங்கேயே வாழ்ந்தார். பிலிப்பைன்ஸில் அவர் பெயர் ஒரு கதைப் பாத்திரம் மாதிரி ஆகிவிட்டது: அமெரிக்கக் கொடிக்குத் தலை வணங்காத ஒரே ஜெனரல்.

1941 டிசம்பரில் அவர் திரும்பி வந்தார். ஜப்பான் ராணுவத்தோடு! இன்னொரு ஆக்கிரமிப்புப் படையின் விமானத்தில் வந்து இறங்கினார். 1944-ல் ஜப்பானுக்கு ஆதரவாகச் சொந்த மக்கள் மேலேயே ஆயுதம் ஏந்திய 'மக்கபிலி' அமைப்பின் தொடக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. டக்ளஸ் மெக்கார்தரின் படை முன்னேறிவர, ஜப்பானியர்களோடு மலைக்குப் பின்வாங்கி, 1945 ஜூலை 31-ல் நோயில் இறந்தார். தன்னை நாடு கடத்தியவரின் மகனிடமிருந்து தப்பி ஓடும் வழியில்!

இதைப் படிச்சப்போ எனக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் ஓடல. ஒருத்தர் கடைசியில் 'சரி' சொன்னார். இன்னொருத்தர் 42 வருஷம் 'மாட்டேன்' சொன்னார். எதிர்ப்பை வாய்ச்சொல்லை வைத்து மட்டும் அளந்தால் ரிகார்த்தேதான் பெரிய வீரர். ஆனால் அவர் 'மாட்டேன்' சொன்னது அமெரிக்காவுக்கு மட்டும்தான். அந்நிய ஆட்சி என்ற விஷயத்துக்கே அவர் மாட்டேன் சொல்லவில்லை. மாபினியோ, நம்முடைய காவலுக்கு வல்லரசு ஒன்றைக் கூப்பிடாதே என்று சுதந்திரம் அறிவித்த முதல் நாளே சொன்னவர். சுங்க அதிகாரி முன்னால் அவர் உயர்த்திய கை, அந்த எண்ணத்தை மாற்றியதாக எனக்குத் தெரியவில்லை. அவருடைய புத்தகம் அப்படியேதான் இருக்கு, ஒரு வரியையும் திரும்ப வாங்கல.

இதுல நீங்க வேற மாதிரி நினைக்கலாம். பிரமாணம் எடுத்தது எடுத்ததுதான்னு சொல்றவங்களும் இருக்காங்க. அதுவும் நியாயமான வாதம்தான்.

கடைசியா ஒரு விஷயம். மாபினி வாழ்ந்தபோதே அவர் கால்கள் போனதுக்குப் பால்வினை நோய்தான் காரணம்னு ஒரு வதந்தி இருந்துச்சு. வாதத்தில் ஜெயிக்க முடியாத ஆளை வேறெப்படி அசிங்கப்படுத்துறது? அந்த வதந்தி அவர் செத்த பிறகும் ஓயல, எழுத்தாளர் சியோனில் ஹோசேயின் ஒரு நாவலில்கூட இடம் பிடிச்சது. 1980-ல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்துப் பரிசோதனை செய்தபோதுதான் போலியோ என்பது உறுதியானது. நாவலாசிரியரும் பிறகு திருத்திக்கொண்டார். செத்து 77 வருஷம் கழிச்சு ஒரு மனுஷனின் எலும்பு வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது.

அவர் இறந்த அந்தச் சின்னக் கூரை வீடு இன்னைக்கும் இருக்கு. இடம் மாற்றி மாற்றி, இப்போ மணிலாவில் பிலிப்பைன்ஸ் பாலிடெக்னிக் பல்கலைக்கழக வளாகத்துக்குள்ள வெச்சிருக்காங்க. அந்த வழியாத்தான் தினமும் காலேஜ் பசங்க நடந்து போறாங்க. 'ஏன் சார் அவர் உட்கார்ந்துகிட்டே இருக்கார்?'னு கேட்ட பசங்களோட வயசுதான் இவங்களுக்கும்.

அந்தக் கேள்வியைக் கேட்டவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன். தெரியாததைக் கேட்டாங்க, பதில் கிடைச்சுது. நமக்கும் இன்னைக்குக் கிடைச்சுது.

உங்களுக்கு என்ன தோணுதுன்னு எழுதுங்க. மாபினி அன்னைக்குக் கை உயர்த்தியது தோல்வியா, இல்லையா? அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.